மெமரி டேபிளில் தானியங்கி எண்: ஐடென்டிட்டியா, சீக்வென்ஸா?

மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரின் 2014 பதிப்பில் அறிமுகமான, தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் மெமரி ஆப்டிமைஸ்டு டேபிள்களில், வரிசைகளுக்குத் தானாக எண் தரும் ஐடென்டிட்டி உண்டு; ஆனால் 1-இல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூடும் (1,1) வடிவத்துக்கு மட்டுமே அனுமதி. வழக்கமான டேபிள்களில் (1000,1) என்றோ (1,2) என்றோ எழுதிப் பழகியவர்கள் அதையே இங்கும் எழுதினால், டேபிள் உருவாகாமல் பிழைச் செய்திதான் வரும்.

தொடக்க எண்ணுக்கு ஒரு மாற்றுவழி இருக்கிறது. எண்ணை நாமே கொடுக்க அனுமதிக்கும் ஐடென்டிட்டி இன்சர்ட் அமைப்பை இயக்கி, 48500 என்ற எண்ணோடு ஒரு வரிசையைச் சேர்த்து உடனே அழித்துவிட்டால், அடுத்த வரிசை 48501 என்ற எண்ணைப் பெறும். பழைய தரவை அதே எண்களோடு மாற்றிக் கொண்டுவரும்போது இந்தத் தந்திரமும் தேவையில்லை. மிகப் பெரிய எண்ணிலிருந்து எண்ணி தானாகவே தொடரும். ஆனால் எண்கள் கூடும் அளவுக்கு இப்படி எந்த வழியும் இல்லை. இரண்டு சர்வர்களில் ஒன்றுக்கு ஒற்றைப்படை, மற்றதற்கு இரட்டைப்படை என்று பிரித்து, பின்னர் தரவை மோதலின்றி இணைக்க நினைப்பவருக்கு ஐடென்டிட்டி பயன்படாது. போதாக்குறைக்கு, எல்லா வரிசைகளையும் ஒரேயடியாக அழித்து எண்ணையும் மறுதொடக்கம் செய்யும் ட்ரங்கேட் கட்டளையும் இவ்வகை டேபிளில் இல்லாததால், எண்ணை மறுபடி 1-க்குக் கொண்டுவர டேபிளையே நீக்கி மீண்டும் உருவாக்குவதுதான் நேரான வழி.

2012 பதிப்பில் வந்த, தொடர் எண்களைத் தரும் சீக்வென்ஸ், டேபிளைச் சாராத தனிப்பொருள் என்பதால், 2-இல் தொடங்கி இரண்டிரண்டாகக் கூட்டவும், வேண்டும்போது மறுதொடக்கம் செய்யவும் அது இடம் தருகிறது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது: இந்த டேபிள்களின் வேகத்தை முழுமையாகப் பெற உதவும், முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட நேட்டிவ் கம்பைல்டு ப்ரொசீஜருக்குள் சீக்வென்ஸை அழைக்க முடியாது. அடுத்த எண்ணை வெளியே எஸ்கியூஎல் சர்வரின் கட்டளை மொழியான சாதாரண டி-எஸ்கியூஎல்லில் பெற்று, அளவுருவாக உள்ளே அனுப்ப வேண்டும். வரிசைக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் ஈட்டிய வேகத்தில் ஒரு பங்கு இதிலேயே கரைந்துவிடும் என்பதால், எண்களை ஒரே அழைப்பில் ஆயிரமாக ஒதுக்கித் தரும் எஸ்பி சீக்வென்ஸ் கெட் ரேஞ்ச் ப்ரொசீஜரைப் பயன்படுத்துவதே என் பரிந்துரை. ஒற்றைச் சர்வரில் இயங்கும் புதிய டேபிளுக்கு இவ்வளவு ஏற்பாடும் வீண். அங்கே (1,1) தாராளமாகப் போதும்.

ரோல்பேக் ஆன, அதாவது பாதியில் ரத்தான, பரிவர்த்தனையின் எண் இரண்டு முறைகளிலும் திரும்பி வராது. ஆகவே இடைவெளியே இருக்கக்கூடாத பில் எண்ணுக்கு இரண்டுமே உதவாது.

மூன்றாவதாக, எங்கும் மீண்டும் வராத நீண்ட அடையாளக் குறியான ஜியுஐடியைச் சொல்பவர்கள் உண்டு. அதன் 16 பைட்டை, சாதாரண முழு எண் வகையான இன்ட்டின் 4 பைட்டோடு ஒப்பிட்டால், பத்துக் கோடி வரிசைகளில், வரிசையை அடையாளம் காட்டும் சாவிக்கு மட்டும் ஏறத்தாழ 1.2 ஜிபி நினைவகம் கூடுதலாகப் போகும்.