கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும்: இங்க்ஜெட் படங்கள் கடலூரில் எப்படி வெளுக்கின்றன

திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டில் 2018 முதல் ஆறு நிற இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்று இருக்கிறது. அதன் அச்சுத் தரத்தையும் மைச் செலவையும் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள்; அச்சிட்ட படம் சில ஆண்டுகள் கழித்து என்ன ஆகிறது என்பதை மட்டும் இங்கே பகிர்கிறேன்.

ஒரே சமயத்தில், ஒரே மையில், உடனே உலரும் ஒரே வகைக் கிளாசி தாளில் அச்சிட்ட குடும்பப் படங்கள் மூன்று இடங்களுக்குப் போயின. சில, கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடி பிரேமுக்குள் தொங்கின. சில, வெயிலே எட்டாத மாடிப்படிச் சுவரில், மின்விசிறிக் காற்று படும்படி, மூடாமல் ஒட்டப்பட்டன. மீதி பீரோவில், பாலிப்ரொப்பிலீன் உறைகளில் இருந்தன. வெயில் படும் கூடத்துப் படங்களே முதலில் கெடும் என்று யாரும் எண்ணுவர். ஆனால் முதலில் கெட்டவை நிழலில் இருந்த மாடிப்படிப் படங்கள்தாம்: இரண்டாம் ஆண்டுக்குள் சயான் (பச்சை கலந்த நீலம்) நிறம் கரைந்து, முகங்கள் செங்கல் நிறமாகி, சாம்பல் நிறப் புடவை பழுப்பாகத் தெரிந்தது. கூடத்துப் படங்களும் வெளுத்தன என்றாலும் மெதுவாகவே வெளுத்தன. அவற்றில் மெஜந்தா (நீலம் கலந்த சிவப்பு) குறைந்து லேசான பச்சைச் சாயல் ஏறியது. பிரேமின் விளிம்புக்கு அடியில் ஒளி படாமல் இருந்த பகுதி மட்டும் பழைய நிறத்திலேயே இருந்ததால், வித்தியாசம் ஒரு கோடு போலப் பளிச்சென்று தெரிந்தது. பீரோவில் இருந்தவற்றில் மாற்றம் எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை.

இரண்டு இடங்களிலும் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன: கூடத்தில் ஒளி வெளுக்கிறது, மாடிப்படியில் காற்று. உடனே உலரும் தாளின் மேற்பூச்சு சிலிக்கா அல்லது அலுமினாத் துகள்களால் ஆனது. அத்துகள்களுக்கு இடையிலான நுண்துளைகள் மையை நொடியில் உறிஞ்சிக்கொள்கின்றன, ஆனால் உலர்ந்த பிறகும் அவை திறந்தே கிடக்கின்றன. எங்கள் பிரிண்டரில் உள்ளது போன்ற டை (சாய) மையில் நிறம் தனித்தனி மூலக்கூறுகளாகக் கரைந்திருப்பதால், அத்துளைகள் வழியே நுழையும் காற்றிலுள்ள ஓசோன் அவற்றை எளிதில் சிதைத்துவிடுகிறது. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்தால் ஓசோன் உருவாகும். ஜன்னல்களைத் திறந்து வைத்து மின்விசிறியின் கீழ் வாழும் நம் வீடுகளில் அது தடையின்றிப் படத்தின் மேல் வந்து மோதுகிறது. இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமன்று. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 பிரிண்டர்களின் படங்கள் மூடாமல் வைத்தால் விரைவில் ஆரஞ்சு நிறத்துக்கு மாறுவதாக எழுந்த புகார்களுக்குப் பின்னரே இந்த வாயு வெளுப்பு பரவலாகக் கவனம் பெற்றது.

படம் இத்தனை ஆண்டு நிற்கும் என்று பெட்டியின் மேல் அச்சிடப்படும் கணக்கை இந்த அறிவோடு படிக்க வேண்டும். 2005இல் கேனன் அறிமுகப்படுத்திய ‘குரோமாலைஃப் 100’ என்ற மை-தாள் அமைப்பின் பெயரில் உள்ள நூறு, ஆல்பத்தில் வைத்த படத்துக்கானது. கண்ணாடிக்குள் ஒளி படும் படத்துக்கு அதே நிறுவனம் சொன்னது சுமார் 30 ஆண்டு, காற்றுக்கு மூடாமல் விட்டதற்குச் சுமார் 10 ஆண்டு. ஒளிக் கணக்கிலும் அளவுகோல் ஒன்றல்ல: அமெரிக்காவின் வில்ஹெல்ம் ஆய்வகம் நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் (ஒளிச் செறிவின் அலகு) ஒளி படுவதாகக் கொள்கிறது, கோடாக் 120 லக்ஸ் என்று கொண்டது. ஒரே படத்துக்கு ஒருவர் சொல்லும் ஆண்டுகள் மற்றவரைப் போல ஏறக்குறைய நான்கு மடங்காக வந்துவிடும்! அதிலும் வில்ஹெல்ம் சோதனை நடப்பது 24 டிகிரி வெப்பத்தில், 60 விழுக்காடு ஈரப்பதத்தில். கடலூரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்த ஈரப்பதம் கிடைத்தால் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

ஈரம் நிறத்தை வெளுக்கச் செய்வதைவிடக் கசியச் செய்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் வீடு பல நாள் ஈரமாகவே கிடந்தது. அப்போது மலிவான 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடை) தாளில் இருந்த படங்கள் சுருண்டு, எழுத்துகளின் ஓரம் சற்றே பரவியது. பிளாஸ்டிக் பூச்சுள்ள 260 ஜிஎஸ்எம் தாள் அசையவில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் புதுச்சேரியில் ஒரு ஸ்டூடியோவில் பிக்மென்ட் மையில் சில படங்கள் போட்டு வாங்கி, அதே மாடிப்படிச் சுவரில் மூடாமல் வைத்தேன். இந்த மையில் நிறம் பல மூலக்கூறுகள் திரண்ட துகளாக இருப்பதால், மேற்பரப்பு சிதைந்தாலும் உள்ளே நிறம் மிச்சமிருக்கும். ஆண்டுகள் கடந்தும் அவற்றில் நிறச்சாய்வு தெரியவில்லை. ஆனால் விலை கூடுதல், கிளாசி தாளில் பளபளப்பு சீராக இல்லை. உண்மையைச் சொன்னால், கலர் லேபில் போடும் சாதாரணப் படமே மூடாத சுவருக்குப் போதுமானது; அதில் சாயம் ஜெலட்டின் அடுக்குக்குள் பொதிந்திருப்பதால் ஓசோன் எளிதில் எட்டுவதில்லை.

டை மைப் படத்தைத் தொங்கவிட விரும்புவோருக்குக் கண்ணாடி அவசியம் என்பதே என் முடிவு. அச்சிட்ட அன்றே பிரேம் போட்டால் மையிலுள்ள கிளைக்கால் என்னும் கரைப்பான் மெல்ல ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் பனிபோல் படியும். ஓரிரு நாள் உலரவிட வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் மாற்று மையை நான் அலுவலகத் தாள்களுக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்; அதில் அச்சிட்ட படங்கள் கண்ணாடிக்குள்ளும் ஓராண்டிலேயே முகம் மாறிவிட்டன.