புளியரை பக்கம் கடிகாரமே இல்லாத ஒரு டீக்கடை

செங்கோட்டைலருந்து ஆரியங்காவு போற ரோட்டுல எஸ் வளைவு ஏறுறதுக்கு முன்னாடி தகரம் போட்ட ஒரு டீக்கடை இருக்கு, போர்டு கிடையாது, செவுத்துல கடிகாரமும் கிடையாது, ஆனா அங்க எல்லாமே கரெக்டா நேரத்துக்கு நடக்கும், அதுக்காகவே இத எழுதணும்னு தோணுச்சு.

காலைல புட்டு கடலை. அது தீந்துட்டா பத்து தாண்டிருச்சுன்னு அர்த்தம், கெஞ்சினாலும் கிடைக்காது, ஆறினத சூடு பண்ணி விக்கிற பழக்கமே அங்க இல்ல. அப்புறம் உளுந்த வடை.

சாயங்காலந்தான் விசேஷம். மேக்க மலை இருக்கதால வெயில் சீக்கிரமே எறங்கிரும், தகரத்து நெழல் வாசல்படிய தாண்டி ரோட்டு புளியமரத்து மூட்ட தொட்டதும் மாஸ்டர் ஈரத்துணிய எடுத்துட்டு பரோட்டா மாவ அடிக்க ஆரம்பிச்சிருவாரு. முஸ்லிம்களோட சாயங்கால அஸர் தொழுகைக்கே நெழலோட நீளந்தான கணக்கு, அந்த மாதிரிதான் இதுவும். சாரல் சீசன்ல வெயிலும் இருக்காது நெழலும் இருக்காது, அப்ப ரயில் சத்தந்தான். பகவதிபுரம் ஸ்டேஷன் தாண்டி முன்னால ஒரு இன்ஜின் பின்னால ஒரு இன்ஜின்னு முக்கி முக்கி ஏறும்ல, அது நல்லாவே கேக்கும். 2010ல மீட்டர் கேஜ நிறுத்தி 2018ல அகலப்பாதைல ரயில் திரும்ப ஓடுற வரைக்கும் அந்த சத்தம் இல்லாம மழைக்காலத்துல சாயங்காலம் எப்ப வந்துச்சுன்னே தெரியாதுன்னு கடைக்கு வர்ற பெரியவங்க சொல்லுவாங்க. "அண்ணாச்சி, ரயில் போயிட்டா?"ன்னு ஒருத்தர் கேட்டா "இன்னும் இல்லய்யா, மாவு இப்பதான பெசஞ்சேன்"னு பதில் வரும்.

பழம்பொரிய பத்தி தனியா சொல்லணும். தோல் கறுத்த ஏத்தம்பழத்த நீளவாக்குல கீறி மாவுல முக்கி எண்ணெய்ல விட்டதும் சடசடன்னு பொரியும், உள்ள ஈரம் கொறைய கொறைய சத்தம் அடங்கும். அண்ணாச்சி சட்டிய பாக்கவே மாட்டாரு, டீ ஆத்திக்கிட்டே காதுலயே கேட்டு சரியா அந்த நேரத்துல திரும்பி அரிகரண்டிய விடுவாரு. ஒருதடவ கூட கருகி நான் பாத்ததில்ல. வெளிய மொறுமொறுன்னு, உள்ள பழம் அப்படியே கொழையும். டீயும் அருமை, கடுப்பமா, அதாவது ஸ்ட்ராங்கா வேணும்னா முன்னாடியே சொல்லிருங்க.

கொறைன்னா வண்டி நிறுத்த எடமில்ல, கேரளாவுக்கு காய்கறி ஏத்திட்டு போற லாரி ஒண்ணு நின்னாலே முடிஞ்சுது, கைக்கொழந்தையோட போனா கவனமா ரோட்ட கடங்க. போன் சிக்னலும் வந்து வந்து போகும், சில்லறை வச்சுக்கோங்க. பழம்பொரி வேணும்னா நெழல் மரத்த தொடுறதுக்கு முன்னாடியே போயிருங்க, குத்தாலம் சீசன் ஞாயித்துக்கிழமைன்னா இன்னும் கொஞ்சம் முன்னாடியே.