டேலி வாட்டர்ஸ் பப்பில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் டார்வினில் குடியிருப்பதால் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போதெல்லாம் டேலி வாட்டர்ஸ் பப்பில் நிறுத்துவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. டார்வினிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே கொஞ்ச தூரம். ஊர் என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது, பப்தான் ஊர். 1930-இல் கட்டிய தகரக் கூரைக் கட்டடம், எதிரே போக்குவரத்தே இல்லாத தெருவில் ஒரு டிராஃபிக் சிக்னல். எல்லாரும் முதலில் அதைத்தான் படம் எடுக்கிறார்கள்.

உள்ளே போனால் சுவரே தெரியாது. கார் நம்பர் பிளேட், தொப்பி, அடையாள அட்டை, பல நாட்டு ரூபாய் நோட்டு, பாருக்கு மேலே வரிசையாகத் தொங்கும் பெண்களின் உள்ளாடைகள் என்று வந்தவர்கள் விட்டுப்போனவை ஒன்றின்மேல் ஒன்றாக அடைத்துக் கிடக்கின்றன. குடும்பத்தோடு வரும் நம்மவர்கள் சிலருக்கு அந்த உள்ளாடைகள் சங்கடமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்தது நோட்டுகள்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பேரும் வருடமும் எழுதியிருக்கும், மை வெளிறி சிலதில் முதல் எழுத்து மட்டும் மிச்சம். மாடு ஓட்டிப் போனவர்கள், கையில் காசில்லாமல் திரும்பி வந்தாலும் ஒரு கிளாஸ் குடிக்க வேண்டும் என்று பணத்தைச் சுவரில் குத்திவைத்துப் போனதில் தொடங்கிய பழக்கம் என்று சொல்வார்கள்.

ஆனால் பெரும்பாலானவர்கள் மத்தியானம் வந்து இறங்கி, ஒரு பீர், நாலு படம், அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். கொஞ்சம் தள்ளி இருக்கும் பழைய விமானத்தளத்தைப் பார்க்காமல் இந்த பப் ஏன் இங்கே நிற்கிறது என்பதே புரியாது. 1930-களில் சிங்கப்பூர் போகும் குவாண்டாஸ் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இங்கேதான் இறங்கின, பயணிகளுக்குச் சாப்பாடு போட்டது இந்த பப். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானப்படை இங்கே இருந்தது. இப்போது விமானங்களை நிறுத்திய பெரிய தகரக் கொட்டகை மட்டும் நிற்கிறது. அதற்கும் முன்னால் 1872-இல் நாட்டின் தெற்கையும் வடக்கையும் சேர்க்கும் தந்திக் கம்பி முழுசாக இணையும்வரை டேலி வாட்டர்ஸுக்கும் தெற்கே உள்ள டெனன்ட் கிரீக்குக்கும் நடுவே செய்தியைக் குதிரையில் கொண்டுபோனார்கள். ஆக, வழிப்போக்கர்கள் நின்று போவதற்காகவே உருவான ஊர் இது, அந்த வேலையை இன்னும் விடவில்லை.

தங்குவதற்கு அறை, கேரவன், கூடாரம் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தெற்கேயிருந்து கேரவன்கள் வரிசையாக வந்து சேரும், முன்பதிவு செய்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி ஸ்டேக்கும் பாராமுண்டியும் பேர்போனவை. பாராமுண்டி நம்ம கொடுவாதான், சுட்டுத் தருவதால் மசாலா எதிர்பார்க்காதீர்கள், ஆனால் மீன் நன்றாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது. நான் குடிப்பதில்லை, ஆனாலும் ஒருநாளும் அங்கே அந்நியமாக உணர்ந்ததில்லை. சீசனில் பாட்டுக் கச்சேரி இருக்கும், பக்கத்து மேசைக்காரர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டே ஆகவேண்டும் என்பது போல ஒரு சூழல். ரோடு ட்ரெயின் என்கிற பல பெட்டி கோத்த நீள லாரியின் ஓட்டுநர், ஓய்வுபெற்ற தம்பதி, மாட்டுப் பண்ணைப் பையன்கள், எல்லாரும் ஒரே கூரையின் கீழ். டார்வினில் இத்தனை வருடத்தில் பேசாதவர்களோடு நான் அங்கே பேசியிருக்கிறேன்.

டிசம்பருக்கு மேல் மழைக்காலத்தில் போனால் கூட்டம் இருக்காது, ஆனால் புழுக்கம் தாங்காது. அப்புறம் ஒரு விஷயம், டார்வினிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் மாதரங்கா வெந்நீர் ஊற்றில் ஒரு குளியல் போட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிடலாம். இருட்டிய பிறகு அந்த ரோட்டில் வண்டி ஓட்டவே ஓட்டாதீர்கள், வேலியில்லாத இடங்களில் மாடும் கங்காருவும் குறுக்கே வந்து நிற்கும்.