போஸ்ட்டாக் வேலைக்கு ஜே-1 நல்லதா, எச்-1பி நல்லதா?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி) வேலை கிடைத்ததும் சம்பளத்தைக் கேட்பவர்கள், எந்த விசா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். அங்கே போய்ச் சில ஆண்டுகள் கழித்து நம்மைக் கட்டிப்போடுவது அதுதான். இங்கே பார்க்கப்போவது இரண்டு: ஜே-1 என்ற பரிமாற்ற விசா, எச்-1பி என்ற வேலை விசா.

பல்கலைக்கழகங்களுக்குச் சுலபமானது ஜே-1. விசாவுக்கு வேண்டிய டிஎஸ்-2019 படிவத்தை அவர்களே கொடுத்துவிடுவார்கள். ஆராய்ச்சியாளர் அதிகபட்சம் 5 ஆண்டு இருக்கலாம். ஜே-2வில் கூட வரும் கணவனோ மனைவியோ வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எச்-1பிக்காரரின் கணவனாகவோ மனைவியாகவோ எச்-4இல் வருபவருக்கு அந்த வசதி உடனே கிடைக்காது. எச்-1பிக்காரரின் கிரீன் கார்டு வேலை ஓரளவு நகர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் ஜே-1இல் ஒரு கொக்கி உண்டு: குடியேற்றச் சட்டத்தின் 212(இ) பிரிவு. இதில் மாட்டினால், சொந்த நாட்டில் 2 ஆண்டு இருந்த பிறகுதான் எச்-1பியோ கிரீன் கார்டோ வாங்க முடியும். இல்லையென்றால் விலக்கு வாங்க வேண்டும். ஃபுல்பிரைட் போன்ற அரசு நிதியில் போகிறவர்கள் மாட்டுவார்கள். எந்த நாட்டுக்கு எந்தத் துறைத் திறன் தேவை என்று சொல்லும் திறன் பட்டியலும் இழுத்துவிடும். அந்தப் பட்டியலை 2024 டிசம்பரில் திருத்தியபோது இந்தியா, சீனா இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பலருக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் விசா ஸ்டாம்பில் 212(இ) பற்றி ஏதாவது அச்சிட்டிருக்கிறதா, டிஎஸ்-2019இன் அடியில் அதிகாரி எந்தக் கட்டத்தில் குறித்திருக்கிறார் என்று பார்த்துவிடுங்கள். அதுவும் முடிந்த முடிவல்ல. சந்தேகம் இருந்தால் வெளியுறவுத் துறையிடம் எழுதிக் கேட்கலாம்.

எச்-1பியில் இந்தத் தொல்லை இல்லை. கிரீன் கார்டுக்கு ஆசைப்படுவதை மறைக்கவும் வேண்டாம். ஜே-1 இன்டர்வியூவில் ஊர் திரும்புவேன் என்று அதிகாரியை நம்பவைத்தாக வேண்டும். பல்கலைக்கழக வேலை என்பதால் ஆண்டுக்கு 85,000 விசா என்ற வரம்பும் குலுக்கலும் கிடையாது. 3 ஆண்டு, நீட்டித்தால் 6. வேலை போனால் 60 நாள் அவகாசம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் எச்-1பி என்றே சொல்லியிருப்பேன். 2025 செப்டம்பரில் வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தார்கள். ஒரு போஸ்ட்டாக்குக்காக எந்த ஆய்வகம் அவ்வளவு கட்டும்? ஆக, வெளியிலிருந்து போகிறவருக்கு ஜே-1தான் நடைமுறை வழி. அங்கேயே எஃப்-1 மாணவர் விசாவில் முனைவர் பட்டம் முடித்தவர் கதை வேறு. நாட்டை விட்டு வெளியேறாமல் விசா நிலையை மாற்றிக்கொண்டால் அந்தக் கட்டணம் பொருந்தாது. அவர் எச்-1பிதான் வேண்டும் என்று பல்கலைக்கழகத் துறையிடம் அடம்பிடிக்கலாம்.