கங்காரு தீவுத் தேன்: அரைக் கிலோ பாட்டில் காலியான பிறகு எழுதுகிறேன்

கங்காரு தீவு தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே போக கேப் ஜெர்விஸ் துறைமுகத்தில் ஃபெர்ரி ஏறும் முன்பே பலகை நிற்கிறது: வெளித்தேனைத் தீவுக்குள் கொண்டுபோகக் கூடாது. சளிக்காக அம்மா கைப்பையில் வைத்திருந்த சின்னப் பாட்டிலை அங்கேயே தொட்டியில் போடவேண்டி வந்தது. அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் காரணம் நியாயமானது. 1880களில் இத்தாலியின் லிகூரியாவிலிருந்து வந்த தேனீ இனத்தை, 1885ல் சட்டமே போட்டு, நோயும் வேறு இனமும் கலக்காமல் இங்கே காத்து வருகிறார்கள்.

2019 டிசம்பரில் மின்னலால் பற்றிய தீ ஜனவரியில் பெருந்தீயாகி, தீவில் ஏறக்குறைய பாதியை, இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல், எரித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். கோலாக்கள் ஆயிரக்கணக்கில் போயின. தேன்பெட்டிகளும் எரிந்தன. பெட்டியைப் புதிதாக அடித்துவிடலாம், மரம் மறுபடி பூக்க வருஷங்கள் வேண்டுமே.

'காலி எஸ்கியோடு போங்கள்' என்று அந்த ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் ஓர் இயக்கம் பரவியது. எஸ்கி என்றால் ஐஸ்பெட்டி. தீப்பட்ட ஊர்க் கடைகளில் வாங்கி நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று அர்த்தம். எங்களால் அப்போது போக முடியவில்லை. இப்போதுதான் போய், ஒரு பண்ணை வாசல் கடையில் நிரப்பி வந்தோம்.

சரி, தேனுக்கு வருகிறேன். வாங்கியது சுகர் கம் என்ற யூகலிப்டஸ் மரத்துத் தேன். வெளிர் நிறம், கரண்டியிலிருந்து அறுபடாமல் நூலாக இறங்குகிறது. தொண்டையில் கரகரப்பே இல்லை. கொல்லிமலைத் தேனின் அந்தக் காட்டமான ருசியை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், இது சாது. தினைமாவில் நெய்யோடு பிசைந்து சாப்பிட்டபோதுதான் இதன் அருமை தெரிந்தது. தேனின் பூவாசனை தனியாக மேலே வந்து நின்றது. இரண்டு மாதத்தில் அடியில் உறைந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும், கலப்படமோ என்று பயப்பட வேண்டாம். விலை சூப்பர்மார்க்கெட் தேனைவிட நன்றாகவே அதிகம். ஒரு பாட்டிலின் மூடி சரியாக இறுகாமல், வீடு வந்து சேர்வதற்குள் பெட்டி முழுக்கப் பிசுபிசுப்பு. மூடியைத் திருகிப் பார்த்து வாங்குங்கள்.

திரும்பும் வழியில் சில மரங்களின் அடியில் தகரத்தைப் பட்டையாகச் சுற்றியிருந்ததைப் பார்த்தேன். பளபளப்பான கருப்புக் காக்கட்டூ என்ற கிளியினப் பறவையின் பொந்துகளுக்கு, பாஸம் என்ற மரமேறும் சிறு விலங்குகள் ஏறி முட்டையைத் தின்றுவிடாமல் இருக்கத்தான் அந்தத் தகரம். இந்தப் பறவைக்கு இங்கே ஷியோக் மரத்தின் காய்தான் சாப்பாடு. ஷியோக் வேறு யாருமில்லை, நம்ம சவுக்கின் சொந்தக்காரன். அந்த மரங்களும் தீயில் நிறையப் போய்விட்டன, புதிதாக முளைத்தவை காய்க்கும்வரை பறவை பொறுத்திருக்க வேண்டும். தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று நகம்கூட நிற்கவில்லை.

வாங்குவதானால், ஃபெர்ரி போய்ச் சேரும் பென்னஷாவில் இறங்கியதுமே வாங்கிவிடாதீர்கள். மேற்கே போய் வாங்குங்கள். தீ தின்றது அந்தப் பக்கம்தான்.