அடிப்பெயிண்ட்: பதினான்கு மாதம் கழித்து

கீழக்கரை மச்சான் நேற்று கேட்டான், “அந்தச் சிவப்புப் பெயிண்ட் எப்படி, நானும் அடிக்கவா?” என்று. போனில் ஆரம்பித்தால் திட்டிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

வள்ளத்தின் அடியில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டுப் பூச்சி) பிடிக்காமல் இருக்க அடிக்கும், செப்பு கலந்த பெயிண்ட் அது. என் பைபர் வள்ளம் பாம்பனில் வருஷம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடப்பது. முன்பு மூன்றே மாதத்தில் அடி முழுக்கக் கொட்டலசு அப்பிவிடும். சுரண்டினால் கை கிழியும். போன வாரம் கரையேற்றிப் பார்த்தால் சுக்கான் ஓரத்தில் நாலைந்து, அவ்வளவுதான். அந்த வகையில் குறையே இல்லை.

ஆனால் பெயிண்ட் அடித்து இறக்கிய அன்றே வள்ளம் சோம்பலாகிவிட்டது. ஜிபிஎஸ்ஸில் ஏழரை நாட் (மணிக்கு ஏழரை கடல் மைல்) காட்டிய இடத்தில் ஆறரை. எஞ்சினைப் பிரித்தேன், புரொப்பல்லரை மாற்றினேன், டீசலில் கலப்படம் என்று சண்டை போட்டேன். போன வாரம்தான் அடியில் கையை வைத்துத் தடவினேன். உப்புத்தாள்! அடித்த அன்று வீசிய கச்சான் காற்று, ஈரப் பெயிண்டில் கரை மணலைத் தூவிவிட்டுப் போயிருக்கிறது.

“இத்துனூண்டு மணலா?” என்றேன். மெக்கானிக்கல் படிக்கும் அண்ணன் மகன் சிரித்தான். “சித்தப்பா, பலகையை ஒட்டி ஓடும் தண்ணீரில் அமைதியான ஒரு மெல்லிய ஏடு இருக்கும். அதற்கு மேலேதான் கொந்தளிப்பு. சொரசொரப்பு அந்த ஏட்டுக்குள் மூழ்கிக் கிடந்தால் தண்ணீருக்குத் தெரியாது. தலையை நீட்டினால் ஒவ்வொரு மணலுக்குப் பின்னாலும் ஒரு சுழி. நம் வேகத்துக்கு அந்த ஏடு சுமார் 0.03 மில்லிமீட்டர், தலைமுடியில் பாதிகூட இல்லை.” கரை மணல் அதைப்போலப் பத்து மடங்கு. வேகம் கூடக்கூட ஏடு இன்னும் மெலியுமாம். அதுதான், வலை வளைக்கும்போது ஒன்றும் தெரியாது; வீட்டுக்கு விரட்டி வரும்போதுதான் எஞ்சின் முக்கும்.

1933-இல் ஜெர்மனியில் நிக்குராட்ஸே என்பவர் குழாய்களுக்குள் சலித்த மணலை ஒட்டித் தண்ணீர் விட்டு இதைத்தான் அளந்தாராம். அவர் தெரிந்தே ஒட்டினார்.

முகமூடி போட்டு, தண்ணீர் விட்டு, நைஸ் தாளால் இரண்டு நாள் தேய்த்தேன். ஏழேகால் வந்துவிட்டது.

பெயிண்ட் மேல் தப்பில்லை, காற்று நாளில் அடித்தது நான். இருந்தாலும் இனி வாங்கமாட்டேன். மச்சான், உன் வத்தையைத் தினமும் கரையேற்றிவிடுகிறாய், கொட்டலசு எங்கே பிடிக்கப்போகிறது? அப்படியும் ஆசையென்றால் என்னிடம் அரை டப்பா இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ.