மூன்று மணி நேரம் ஏற்ற விட்டுவிட்டு அப்புறம் வரம்பைச் சொன்னார்கள்

பெரிய வீடியோவை எம்பி4 ஆக மாற்ற இணையத் தளங்களைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஏற்றுங்கள். எனக்கு 1,598 ரூபாயும் ஒரு முழு இரவும் போயின. பணத்தைவிட உறுத்துவது வேறொன்று.

அப்பா நாகஸ்வரக் கலைஞர். 2004-இல் எங்கள் ஊர்க் கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு அவர் மல்லாரி வாசித்ததை, சிறிய கேசட் போடும் அந்தக் காலத்து டிஜிட்டல் கேமராவில் அண்ணன் பிடித்து வைத்திருந்தார். அப்பாவின் வாசிப்பில் எங்களிடம் முழுதாக மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேசட்தான். தலைத்திவசத்துக்கு முன் சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்கு அனுப்ப வேண்டும் என்று ஸ்டூடியோவில் கொடுத்துக் கணினிக்கு மாற்றினோம். ஒரு மணி நேரப் பதிவு 13 ஜிபி வந்தது. அந்த வகைக் கேசட்டை அப்படியே இறக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 29 மெகாபிட் வரும், அளவு அவ்வளவுதான் இருக்கும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, அத்தையின் கைப்பேசியில் அது ஓடாது என்பது மட்டுமே.

தேடியதில் முதலில் வந்த தளத்தைத் திறந்தேன். 'இலவசம், அளவு வரம்பு இல்லை' என்று முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இரவு ஒன்பதரைக்கு ஏற்றத் தொடங்கினேன். எங்கள் வீட்டு இணைப்பில் இறங்கும் வேகம் நன்றாக இருக்கும். ஏறும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட்தான். 13 ஜிபி ஏற ஏறத்தாழ மூன்று மணி நேரம். கணினி தூங்கிவிடாதபடி பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு விழுக்காடு ஆனதும் திரை மாறியது: இலவசப் பயனாளர்களுக்கு 1 ஜிபி வரைதான், மேலே போக 799 ரூபாய்.

கோப்பைத் தேர்ந்தெடுத்த அந்த நொடியிலேயே அதன் அளவு உலாவிக்குத் தெரியும். ஒரு பைட் ஏறுவதற்கு முன்பே மறுத்திருக்க முடியும். மூன்று மணி நேரம் காத்திருந்தவன் வெறுங்கையோடு போக மாட்டான் என்ற கணக்கில்தான் அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் விஷயத்தில் அந்தக் கணக்கு பலித்தது. பணம் கட்டினேன். கட்டியதும் பக்கம் புதிதாகத் திறந்தது, ஏற்றிய கோப்பைக் காணவில்லை. மறுபடி முதலிலிருந்து மூன்று மணி நேரம்.

விடியற்காலையில் கிடைத்தது 380 எம்பி (மெகாபைட்). நொடிக்கு ஒரு மெகாபிட்கூட இல்லை. அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாக இருந்தது. சதுரத்தை ஒட்டிய பழைய படத்தை அகலத் திரைக்கு இழுத்திருந்ததால் அப்பா அடையாளம் தெரியாமல் பருத்துப் போயிருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒலி முந்தி வந்தது. அப்பாவின் விரல் துளையை விட்டு எழுவதற்குள் ஸ்வரம் கேட்டுவிட்டது. அந்த விரல்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அரை நிமிடத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு 799 கழிந்தது. பணம் கட்டிய பக்கத்தின் அடியில், மாதந்தோறும் புதுப்பிக்கச் சம்மதம் என்ற கட்டம் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருந்திருக்கிறது. ஒரு முறைக் கட்டணம் என்று நினைத்து ஓடிபி கொடுத்துவிட்டேன். இப்படித் தானாகக் கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வந்திருந்தது; விளம்பரச் செய்திகளின் நடுவே என் கண்ணில் படவில்லை. உங்கள் வங்கிச் செயலியில் தானியங்கிக் கட்டண ஆணைகள் இருக்கும் பக்கத்தை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். நான் அப்படித்தான் நிறுத்தினேன். இந்தச் சந்தாப் பொறியை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்யப்பட்ட பதின்மூன்று ஏமாற்று உத்திகளுள் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

அக்கா மகன் கல்யாண வீடியோக்களைத் தொகுப்பவன். விஷயத்தைக் கேட்டதும், "மாமா, இதை ஏன் வெளியே அனுப்பினீர்கள்? உங்கள் மடிக்கணினியே செய்யுமே" என்றான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினான். (வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள். இலவச மாற்றிகள் என்ற பெயரில் தீய நிரல்கள் பரப்பப்படுகின்றன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது.) சீப்புக் கோட்டை நீக்கும் டீஇன்டர்லேஸ் வசதியைப் போட்டு, நொடிக்கு 3 மெகாபிட் வைத்தான். அளவை முன்கூட்டியே கணக்கிடலாம்: மெகாபிட்டை நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் எம்பி. 3,600 நொடிக்கு 1,350 எம்பி. ஒலியையும் சேர்த்து ஒன்றரை ஜிபிக்குள் அடங்கியது. என் பழைய மடிக்கணினி அதை முக்கால் மணி நேரத்தில் முடித்தது. இணையம் தேவைப்படவே இல்லை.

இன்னொன்றும் சொன்னான். எம்கேவி, எம்ஓவி கோப்புகளுக்குள் பல நேரம் எம்பி4-க்குப் பொருந்துகிற படமே இருக்கும்; படத்தைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள கோப்பு உறையை மட்டும் மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு இலவச மென்பொருள் அதைச் சில நிமிடங்களில் செய்யும், தரம் துளியும் குறையாது.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை ஏற்கும். அப்படித்தான் அனுப்பினோம். யூடியூபில் பட்டியலிடாத வீடியோவாகவும் போடலாம். 15 நிமிடத்துக்கு மேல் என்றால் முதலில் கைப்பேசி எண்ணைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அத்தை திவசத்துக்கு இரண்டு நாள் முன்பே முழுவதும் பார்த்துவிட்டார். புறப்பாட்டுக் கூட்டத்தில் தன் அம்மா நிற்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். இருபது வருடமாக எங்களில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை.

பணத்தைத் திருப்பித் தரும்படி அந்தத் தளத்துக்கு இரண்டு முறை எழுதினேன். கூடவே, நான் ஏற்றிய மூலக் கோப்பை அழித்துவிட்டீர்களா என்றும் கேட்டேன். 24 மணி நேரத்தில் அழிப்போம் என்று முகப்பில் இருக்கிறது. வரம்பு இல்லை என்றும் அதே முகப்பில்தான் இருந்தது. இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. எங்கள் அப்பாவும், வாசலில் நின்ற ஊர்க்காரர்களும் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் இப்போது யாருடைய கணினியில் கிடக்கிறது என்பதை நான் எங்கே போய்க் கேட்பது?